லிவாவில் நான்கு மாதம்

பாலைவனத்தில் போய் மாதக்கணக்கில் இருக்கப்போகிறோம் என்று காந்தனோ திலகவதியோ ஒருநாளும் நினைத்ததில்லை. அதை முடிவு செய்தவள் மகள் அகல்யா. அபுதாபியிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் லிவாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் வரும். அங்கே ஒரு மருத்துவமனையில் அவள் தாதியாக இருந்தாள். கணவன் குகனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்.

"நவம்பர்லேருந்து இங்க நல்ல குளிரும்மா. மூனு மாசம் வந்து இருங்க. டிக்கெட் போட்டுட்டேன், வேணாம்னு சொல்லாதீங்க."

திலகவதி வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரிலா" என்றாள். கூடத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காந்தனிடம் போய்ச் சொன்னாள். அவர் "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டார்.

காந்தன் சொந்த ஊரில், செலண்டார் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்தவர். திலகவதி பத்து பெரண்டாம் என்ற இடத்தில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தவள். இருவரும் ஓய்வு பெற்றதும் பாச்சாங்கில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தார்கள். மகன் பிரவினும் கூடவே இருந்தான். இரண்டு தெரு தள்ளி இருந்த கடை வரிசையில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். போன மார்ச் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கி என்றார்கள், கொசுவால் வருவது. நான்காம் நாள் காலையில் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது.

பதினாறாம் நாள் காரியம்வரை எல்லாம் முறையாக நடந்தது. வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தாள் திலகவதி. அழவில்லை என்று சொல்ல முடியாது, அழுதாள். ஆனால் அந்த அழுகை வேறு யாருக்கோ வந்தது போல் இருந்தது. காந்தன் அதுவும் செய்யவில்லை. பிறகு இருவரும் சாப்பிட்டார்கள், பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கினார்கள், மின்சாரக் கட்டணம் கட்டினார்கள். அவன் பெயரை மட்டும் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. தானாக நடந்தது.

நவம்பர் இருபதாம் தேதி வந்து சேர்ந்தார்கள். வீடு வெள்ளை அடித்த பெரிய பெட்டி போல இருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தார் ரோடு, அதற்கு அந்தப் பக்கம் மணல். முதல் வாரம் திலகவதி சமையலறை ஜன்னலில் நின்று அந்த மணலைப் பார்த்தாள். அகல்யா, "அழகா இருக்குல்லம்மா?" என்றாள். "ம், இருக்கு" என்றாள். உண்மையில் அது அழகாகவும் இல்லை, அசிங்கமாகவும் இல்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. அதுதான் அவளுக்குத் தோதாக இருந்தது. அவனுடைய கை பட்ட பொருள் ஒன்றும் இந்த வீட்டில் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் யாரும் தலையைச் சாய்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று இழுத்துக் கேட்பதில்லை. மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஒரு கொசு வருவதில்லை.

அகல்யா காலை ஆறரைக்குப் போனால் மாலை நான்கரைக்கு வருவாள். இடைப்பட்ட நேரத்தில் கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். "பசியாறிட்டீங்களா?" "ஆச்சி." "காப்பித் தண்ணி கலக்கட்டா?" "கலக்கு." ஏழு மணிக்குக் காந்தன் கேன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவார். பத்துக்குத் திரும்பி வருவார். எங்கே போனார் என்று அவள் கேட்டதில்லை.

டிசம்பர் நடுவில் பக்கத்து வீட்டு ஷீபா வந்தாள். அகல்யாவோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண். வாழைக்காய் வறுவல் கொண்டுவந்தாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டிருந்தவள் வறுவலைத் தட்டில் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மைக்கு அகல்யா ஒரே பிள்ளையா?"

"ஆமா, ஒரே புள்ளதான்" என்றாள் திலகவதி.

யோசித்துச் சொன்னது இல்லை. பேருந்தில் டிக்கெட் கேட்டால் நீட்டுகிற மாதிரி வாய் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது காந்தன் வாசற்படியில் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த காலின் கயிற்றுக்குப் போனது. உள்ளே வந்து, ஷீபாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கைகழுவப் போனார்.

அன்று முழுக்க அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று திலகவதி யோசித்துப் பார்த்தாள். அவரும் கேட்கவில்லை. அதோடு விட்டுவிட்டாள்.

அந்த ஊரில் குளிர்காலத்தில் விடிகாலைப் பனிமூட்டம் இறங்கும். எதிர் வீட்டு மதில் தெரியாது. வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் அப்படி ஒரு மூட்டம். அதில்தான் காந்தன் நடக்கப் போனார். பத்து மணி ஆயிற்று, வரவில்லை. பதினொன்று ஆயிற்று. அவருடைய கைப்பேசி சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது.

பயப்பட வேண்டும் என்று திலகவதிக்குத் தெரிந்தது. அறுபத்தேழு வயது மனிதர், சர்க்கரைக்காரர், வெளியே பாலைவனம். ஆனால் பயம் வரவில்லை. இரண்டு குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மூட்டம் அதற்குள் கலைந்திருந்தது. ரோட்டோரமாக அரைமணி நேரம் நடந்தாள். பச்சை வலை அடித்த ஒரு பேரீச்சந் தோட்டம் வந்தது. வேலிக்கு உள்ளே ஓர் ஒட்டகத் தொழுவம். தொழுவத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தகர வாளியில் காந்தன் உட்கார்ந்திருந்தார். எதிரே குத்துக்காலிட்டு ஒருவர் கெட்டிலில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் எழுந்தது அந்த ஆள்தான்.

"அக்காதானே? வாங்கக்கா. அண்ணே, அக்கா வந்துட்டாங்க பாருங்க. நாந்தான் உக்கார வச்சிட்டேன். மூட்டத்துல வண்டிக்காரன் கண்ணு தெரியாம ஓட்டுவான், தெளிஞ்சதும் போங்கன்னேன். அப்புறம் பேச்சு வளந்துருச்சு."

பெயர் முனியசாமி. ஊர் பரமக்குடிக்குப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் ஒட்டகத்துக்குத் தீவனம் வைப்பதும் அவர் வேலை. மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. பால் ஊற்றாத சுலைமானி டீயை ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"அண்ணன் ஒங்க மகனப் பத்திதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ரெண்டாவது கடையும் தெறந்துட்டாராமே? சந்தோசம்க்கா. அப்பா அம்மாவ வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சிட்டு வீட்டப் பாத்துக்கிறேன்னு எந்தப் புள்ள சொல்லும் இப்ப?"

திலகவதி காந்தனைப் பார்த்தாள். காந்தன் ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாயைப் பக்கவாட்டில் ஆட்டி எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் திலகவதி. டீயைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது.

ரோட்டோரமாகத் திரும்பி நடந்தார்கள்.

"எத்தன நாளா?" என்றாள்.

"வந்த ரெண்டாவது வாரத்துலேருந்து. அவன்தான் கேட்டான், புள்ளைங்க எத்தன பேருன்னு. ரெண்டுன்னேன். பையன் என்னா செய்றான்னான். கடை வச்சிருக்கான்னேன்."

"ரெண்டாவது கடை?"

"அது அப்புறம் வந்துச்சி."

ஒரு தண்ணீர் லாரி கடந்து போனது. அது போகும்வரை இருவரும் ஓரத்தில் நின்றார்கள்.

"நீயும்தான் அந்தப் பொண்ணுகிட்ட ஒரே புள்ளன்னு சொன்ன" என்றார் காந்தன். குரலில் கோபம் இல்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஆமா, சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் முதல் திலகவதியும் கூடப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவரை நிறுத்த வேண்டும் என்று போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான் என்று போனாள். முனியசாமி அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து, துடைத்துப் போட்டு வைத்திருந்தார். அவருக்குத் தமிழில் பேச ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். தன் மகன் பதினொன்றாம் வகுப்புப் படிப்பதை, மனைவிக்கு முதுகுவலி வந்ததை, முதலாளியின் தம்பிக்கு ஒட்டகப் பந்தயப் பித்துப் பிடித்ததை எல்லாம் சொல்வார். நடுவில், "தம்பி என்ன சொல்றாரு, நல்லா இருக்காரா?" என்று கேட்பார். காந்தன், "நல்லா இருக்கான். வேலதான் அதிகம்" என்பார்.

ஜனவரி முடிவில் ஒருநாள் முனியசாமி நேராகத் திலகவதியைக் கேட்டார்.

"முப்பத்தி மூணு ஆச்சுன்னு அண்ணன் சொன்னாரு. கல்யாணம் பேசலியாக்கா?"

காந்தன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"பேசியாச்சி. பொண்ணுக்கு ஊரு பெம்பான். கிண்டர்கார்டன் டீச்சர். நாங்க போனதும் தேதி குறிக்கணும்."

சொல்லும்போது ஒரு முகம்கூட மனதில் வந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். யாரென்று தெரியவில்லை. எங்கேயாவது பேருந்தில் பார்த்திருக்கலாம். திரும்பி வரும்போது காந்தன், "கிண்டர்கார்டன் டீச்சரா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். "நல்லதுதான்" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து முனியசாமி ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். உள்ளே பேரீச்சம்பழம், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் எண்ணெய்த் தாள் போட்டு அழகாக அடுக்கியிருந்தது.

"தம்பி கல்யாணத்துக்கு. மொதலாளிகிட்ட கேட்டு வாங்குனது, திருட்டு இல்லக்கா. என்னால வேற என்ன செய்ய முடியும்? பத்திரிகை அடிச்சா ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பிச்சு விடுங்க. அது போதும்."

திலகவதி பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றி சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்து, மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டாள்.

பிப்ரவரி முதல் வாரம் காந்தனின் தம்பி கணேஸ்வரன் பெம்பானிலிருந்து அழைத்தார். பாச்சாங் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. வாரம் ஒருமுறை போய்க் கூட்டிப் பெருக்கி, பிரவினின் மோட்டார் சைக்கிளை முடுக்கிவிட்டு வருவார். காந்தன் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, பதினேழாந்தேதி வந்துருவீங்கதானே? மார்ச் ஒம்பது வருஷத் தெவசம். ஐயர்கிட்ட சொல்லிட்டேன். அப்புறம் பேப்பர்ல நினைவஞ்சலி போடணும்லா. நல்ல படம் ஒன்னு அனுப்புங்க. கவிதை அவங்களே எழுதிக்குவாங்க, நம்ம பேரு மட்டும் குடுத்தா போதும்."

காந்தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பேப்பர்ல வேணாம்."

"என்னாண்ணே, மொத வருஷம். ஆளுங்க என்னா சொல்லுவாங்க?"

"வேணாம் கணேசு. நாங்க ஒரு மாசம் இருந்துட்டு வரோம்."

கணேஸ்வரன் என்னென்னவோ சொன்னார். கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட வேண்டாமா, பெற்றவர் இல்லாமல் யார் செய்வது, ஊரில் இல்லாத பழக்கம் இது என்றெல்லாம். காந்தன் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். பேச்சு முடிந்ததும் திலகவதியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தது போல இருந்தது. அவளுக்குப் போவதும் இருப்பதும் ஒன்றாகவே தெரிந்தது. "அகல்யாகிட்ட சொல்லணும், விசாவ நீட்டணும்" என்றாள்.

அகல்யா உடனே செய்துகொடுத்தாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டைத் தள்ளிவிட்டு, "தம்பிக்கு என்னாதான் செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்தது. "செத்தப்பகூட மூனு நாள் லீவுல வந்துட்டு ஓடி வந்துட்டேன். இங்க வந்து ரெண்டு பேரும் அவனப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறீங்க. நான் மட்டும் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வரேன்."

காந்தன் சாப்பாட்டை மெல்வதை நிறுத்தினார். திலகவதி எழுந்துபோய் மகளின் முதுகில் கையை வைத்தாள். கை அங்கே இருந்தது. வேறு என்ன செய்வதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"இங்கயே செய்வோம்" என்றாள். "என்னா முடியுதோ அத."

மார்ச் ஒன்பது அன்று அகல்யா விடுப்பு எடுத்தாள். குகன் வேலையிடத்தில் இருந்தான். வீட்டில் படம் இல்லை, யாரும் கொண்டுவரவில்லை. தன் கைப்பேசியில் இருந்த ஒன்றை முதல் நாளே மருத்துவமனை அச்சுப்பொறியில் அடித்துக்கொண்டு வந்திருந்தாள். மை குறைந்துபோய் அவன் சட்டை கொஞ்சம் ஊதா நிறமாக விழுந்திருந்தது. அதைச் சுவரில் ஒட்டி, கீழே ஒரு விளக்கு வைத்தார்கள். திலகவதி அவனுக்குப் பிடித்த அசாம் பெடாஸ், புளிப்பும் காரமுமான மலாய் மீன் கறி வைத்தாள். அதற்குப் போடும் கெசும் என்ற வாசனை இலை இங்கே கிடைக்காது. புளியும் மிளகாயும் வெண்டைக்காயும் போட்டு, கிடைத்த மீனில் வைத்தாள். சோறு, கறி, ஒரு குவளை ஐஸ் மைலோ. வாழை இலைக்குப் பதில் தட்டு. காந்தன் சூடம் கொளுத்தினார். அகல்யா ஓவென்று அழுதாள். விளக்கு மலையேறும்வரை பெற்றவர்கள் இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு திலகவதி ஒரு டப்பாவில் சோறும் இன்னொன்றில் மீன் கறியும் போட்டாள்.

"எங்க?" என்றார் காந்தன்.

"முனியசாமிக்கு. படைச்ச சோறு, வெளியாளு ஒருத்தர் சாப்பிடட்டும்."

"என்னா சொல்லிக் குடுப்ப?"

"ஒன்னும் சொல்ல வேணாம். சாப்பிடட்டும்."

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. குளிர் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. முனியசாமி தொழுவ நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். பிசைந்து ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார்.

"என்ன கொழம்புக்கா இது? புதுசா இருக்கு. இன்னைக்கு என்ன விசேசம்? தேதி குறிச்சாச்சா?"

தகர வாளியில் உட்கார்ந்திருந்த காந்தன்தான் சொன்னார்.

"என் பையனுக்கு இன்னிக்கு வருஷத் தெவசம்."

முனியசாமிக்குப் புரியவில்லை. இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எந்தப் பையனுக்குண்ணே?"

"இருக்கிறது ஒருத்தன்தான். போன வருஷம் காய்ச்சல்ல போய்ட்டான்."

முனியசாமி கையிலிருந்த உருண்டையை டப்பாவிலேயே வைத்தார். பேசியபோது குரல் மாறியிருந்தது.

"எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்ணே. அவ ஒங்க மகன் கல்யாணம் நல்லபடி நடக்கணும்னு கொலசாமிக்கு வெளக்குப் போட்டா. அவகிட்ட இப்ப நான் என்ன சொல்ல?"

காந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு நாளா ரெண்டு நாளாண்ணே? கூட ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு..." அவர் முடிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். "தம்பி பேரு என்ன? இத்தன நாளும் தம்பி தம்பின்னே பேசிட்டேன்."

காந்தன் வாயைத் திறந்தார்.

"பிரவின்" என்றாள் திலகவதி.

முனியசாமி அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு டப்பாவை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மீன் முள்ளைத் தனியாக ஒதுக்கினார். குழாயில் டப்பாக்களைக் கழுவி, துடைத்து, அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "தண்ணி பாச்சணும்" என்று மரங்களுக்கு நடுவே போய்விட்டார். அவர்கள் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காந்தன் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சப்பாத்து வாசலில் கிடந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை, "இந்தச் சட்ட நீலமா பச்சையா?" என்று கேட்டார். "நீலம். தீபாவளிக்கு எடுத்தது" என்றாள் திலகவதி. "ஆமால்ல" என்றார்.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஹாரன் கேட்டது. தோட்டத்துப் பழைய பிக்கப். முனியசாமி இறங்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் ரெண்டு நாளா வரலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் திலகவதி.

"அப்ப வரச் சொல்லுங்க. ஒட்டகம் ஒன்னு குட்டி போட்டிருக்கு. இன்னைக்கு வெயிலு, நடக்க வேணாம், நானே கூட்டிட்டுப் போயி கொண்டாந்து விடுறேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன்க்கா. அழுதா. வேற ஒன்னும் சொல்லல" என்றார்.

காந்தன் உள்ளேயிருந்து கேட்டிருக்க வேண்டும். அவராகவே வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டார். "நீ வரல?" என்றார்.

"நீங்க போயிட்டு வாங்க."

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. திலகவதி கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அகல்யா வேலையிடத்திலிருந்து அழைத்தாள். பத்தொன்பதாம் தேதி டிக்கெட் கிடைக்கிறது, போட்டுவிடவா என்றாள்.

"போட்டுரு."

"அடுத்த நவம்பரும் வரீங்கதானேம்மா?"

திலகவதி யோசித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு கேள்விக்கு நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

"அப்பாகிட்டயும் கேக்கணும்" என்றாள். "போய்ட்டு வந்ததும் கேக்குறேன். இப்ப கொஞ்சம் படுக்கப் போறேன், காலெல்லாம் வலிக்குது."

பதினொரு மணிகூட ஆகவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். மூன்று மணிவரை தூங்கினாள்.